சான்றிதழ் ஃபைலும் சனிக்கிழமை சாயங்காலமும்

இன்டர்ன்ஷிப் முடித்த பிள்ளைகள் வெளியே வரும் மாதங்களில் எனக்கு ஃபோன் அதிகம் வரும். பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, வேலை கிடைச்சிருச்சு. அடுத்து எந்தக் கோர்ஸ் பண்ணட்டும்? எஸ்.ஐ. பண்ணவா, என்.டி.டி. பண்ணவா, இல்ல பேசாம ஹேண்ட் தெரபி பக்கம் போயிடவா?" எஸ்.ஐ. என்றால் சென்சரி இன்டக்ரேஷன், என்.டி.டி. என்றால் நியூரோ டெவலப்மென்டல் தெரபி. நாலரை வருஷம் படித்த களைப்பே இன்னும் தீர்ந்திருக்காது. அதற்குள் கூடப் படித்தவர் யாராவது ஒரு சான்றிதழைப் பிடித்தபடி இன்ஸ்டாகிராமில் சிரித்திருப்பார். இவர்களுக்குப் பதற்றம் வந்துவிடும்.

என் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. "முதல் ஒரு வருஷம் எதுக்கும் காசு கட்டாத. நீ வேலை செய்றதைப் பக்கத்துல நின்னு பாக்க ஒரு ஆள் தேடு" என்பேன். அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதி. பிறகு "சரிங்கக்கா." அடுத்த மாதம் போய்க் கோர்ஸில் சேர்ந்துவிடுவார்கள். ஃபோனில் இரண்டு நிமிஷத்தில் சொன்னால் கிழவி புலம்புவது போலத்தான் கேட்கும் என்பதால், இங்கே நிதானமாக எழுதுகிறேன். ஆக்குபேஷனல் தெரபி படித்துவிட்டு முதல் வேலையில் இருப்பவர்களுக்கான பதிவு இது. மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை.

கல்லூரியில் இருந்தவரை நம்மைச் சுற்றி எப்போதும் யாராவது இருந்தார்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளின் உலகக் கூட்டமைப்பு, படிப்புக் காலத்தில் குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்கிறது. அந்த நேரம் முழுக்க நாம் ஒரு சீனியரின் கண் பார்வையில் இருந்தோம். ஸ்பிளின்ட்டின் ஓரம் எலும்பு முனையில் இடித்தால் "கழட்டு, மறுபடி சூடு பண்ணு" என்று சொல்ல ஆள் இருந்தது. வேலைக்குப் போன முதல் நாளோடு அது நின்றுபோகிறது. நூலக லாகின்கூட அன்றோடு போய்விடுகிறது. சென்டரில் ஒரே ஓ.டி. நாம்தான். பல ஊர்களில் ஊருக்கே ஒரே ஓ.டி. நாம்தான்.

நம்மில் பலருக்கு முதல் வேலை குழந்தைகளுக்கான தெரபி சென்டரில் அமைகிறது. முக்கால் மணி நேரச் செஷன். ஒன்று முடிந்து கதவைத் திறந்தால் அடுத்த குழந்தை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். நோட்ஸை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுத வேண்டியதுதான். நான் ஆரம்பத்தில் வேலை பார்த்த ஒரு இடத்தில் மாதம் எத்தனை செஷன் ஓடியது என்று ஒன்றாம் தேதியே கணக்குக் கேட்பார்கள். எந்தக் குழந்தை இந்த மாதம் புதிதாக எதைத் தானே செய்யத் தொடங்கியது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்க ஆள் இல்லாவிட்டால் நாளடைவில் நாமும் அதைப் பார்ப்பதை விட்டுவிடுகிறோம். நல்ல பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது. அரசு வேலையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்களுக்கும், இப்போது தமிழக அரசின் உரிமைகள் திட்டத்தில் வந்திருக்கும் 'விழுதுகள்' மையங்களுக்கும் போகிறவர்கள் நிலையும் அதேதான். குழு என்று காகிதத்தில் இருக்கும். உங்கள் துறையில் உங்களைக் கேள்வி கேட்கக்கூடியவர் அடுத்த மாவட்டத்தில் இருப்பார்.

அந்த வெற்றிடத்தைச் சான்றிதழால் நிரப்பலாம் என்று தோன்றுவது இயல்பு. தோன்ற வைக்கவும் ஒரு சந்தை இருக்கிறது. வாரக் கடைசியில் இரண்டு நாள் நட்சத்திர ஓட்டலில் பயிலரங்கம், 'சர்ட்டிஃபைடு' என்று தொடங்கும் நீளமான பட்டம், இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி. நம் முதல் சம்பளம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். அதில் ஒன்றிரண்டு மாதச் சம்பளம் இதற்குப் போகும். எல்லாக் கோர்ஸும் மோசம் என்று சொல்ல வரவில்லை. எதை வாங்குகிறோம் என்று தெரியாமலே வாங்குகிறோம் என்பதுதான் என் புகார்.

ஒரு உதாரணம். ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் நம் துறைக்காரர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். 2013-ல் அவரும் குழுவினரும் பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்குச் செய்யப்படும் சிகிச்சைகளையெல்லாம் தொகுத்து, ஆதாரம் எவ்வளவு என்று பார்த்து, போக்குவரத்து விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தார்கள். 2020-ல் அதைப் புதுப்பித்தும் வெளியிட்டார்கள். பச்சையில் என்ன இருந்தது? குழந்தையும் பெற்றோரும் தேர்ந்தெடுத்த இலக்கை வைத்து அதே வேலையைப் பயிற்றுவிப்பது, இரண்டு கையையும் சேர்த்து வேலை வாங்குவது, நல்ல கையைக் கட்டிவைத்துப் பலவீனமான கைக்கு வேலை கொடுப்பது, ஒழுங்காகத் திட்டமிட்ட வீட்டுப் பயிற்சி. சிவப்பில் இருந்தவற்றில் என்.டி.டி. உண்டு. பெருமூளை வாதத்துக்குச் செய்யும் சென்சரி இன்டக்ரேஷனும் உண்டு. நம் பிள்ளைகள் வரிசையில் நின்று காசு கட்டும் இரண்டும் அங்கே இருக்கின்றன. ஆட்டிசத்தில் சென்சரி இன்டக்ரேஷனின் கதை வேறு, அதைக் கலந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். கைகளால் குழந்தையின் அசைவை வழிநடத்தும் பழைய என்.டி.டி.யைத்தான் சிவப்பு என்றார்கள், இப்போதைய வடிவம் மாறிவிட்டது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வாதிடட்டும். என் கவலை, அந்தப் பட்டியலைப் பற்றிக் கேள்விப்படாமலே ஒருவர் தன் சேமிப்பைக் கட்டுவது. பச்சையில் இருக்கிற வீட்டுப் பயிற்சிக்கு யாரும் ஓட்டலில் பயிலரங்கம் நடத்துவதில்லை, கவனித்தீர்களா?

சென்சரி இன்டக்ரேஷன் பக்கமே வருவோம். ஜீன் ஏர்ஸ் வகுத்த முறையை ஒருவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க ஆய்வாளர்கள் 2011-ல் ஒரு அளவுகோல் வெளியிட்டார்கள். இடவசதி, ஊஞ்சல் மாட்டும் கொக்கி, பாதுகாப்பு எல்லாம் அதில் வரும். அதோடு, தெரபிஸ்ட் அந்த முறையில் பயிற்சி பெற்றவரா, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வை அவருக்கு இருந்ததா என்றும் கேட்கிறார்கள். இங்கே நாம் ஊஞ்சலை வாங்குகிறோம், பந்துக்குளத்தை வாங்குகிறோம், சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுகிறோம். மேற்பார்வை என்ற வரியை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

அதனால்தான் ஆள் தேடு என்கிறேன். அந்த ஆள் உங்கள் ஊரில் இல்லாமல் இருக்கலாம், சம்பளம் வாங்கிக்கொண்டு மேற்பார்வை பார்க்கிறவராகவும் இருக்க வேண்டியதில்லை. நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன்.

மதுரை, திண்டுக்கல், தென்காசி, நாகர்கோவில் என்று சிதறிக் கிடக்கும் சிலர், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை சாயங்காலம் கூகுள் மீட்டில் உட்காருகிறோம். அமைப்பு கிடையாது, பேர் கிடையாது, சந்தா கிடையாது. ஒருவர் ஒரே ஒரு கேஸைச் சொல்ல வேண்டும். சாதனைக் கதை சொல்லக் கூடாது, இப்போது எங்கே முட்டி நிற்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். இருபது நிமிஷம். மற்றவர்கள் முதலில் கேள்வி மட்டும்தான் கேட்கலாம். யோசனை சொல்வது கடைசியில். இந்த விதி இல்லாவிட்டால் சீனியர்கள் மூன்றாவது நிமிஷத்திலேயே பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவோம். என்னையும் சேர்த்துத்தான்.

போன வருஷம் ஒரு தம்பி கொண்டுவந்த கேஸ். பக்கவாதம் வந்த ஒரு பெரியவர், விவசாயி, வலது கை. பிடி வந்துவிட்டது, கூம்பை அடுக்குகிறார், பெக் போர்டில் குச்சி செருகுகிறார். ஆனால் வீட்டில் சாப்பாட்டை அவர் மனைவிதான் ஊட்டிவிடுகிறார். தம்பிக்குப் புரியவில்லை. எங்களில் ஒருவர் கேட்டார்: "அவர் என்ன சாப்பிடுறார்?" "சோறு, குழம்பு." "ஸ்பூன் குடுத்தியா?" "குடுத்தேன், ஸ்பூன்ல சாப்பிடுறார்." "வீட்டுல ஸ்பூன்ல சாப்பிடுறாரா?" வீட்டில் அவர் ஸ்பூனால் சாப்பிடுவதில்லை. எழுபது வயது வரை கையால் பிசைந்து சாப்பிட்ட மனிதர், நோயாளி மாதிரி கரண்டியால் சாப்பிடுவதைவிட மனைவி கையால் சாப்பிடுவது அவருக்கு மரியாதையாகப் பட்டிருக்கிறது.

அதன் பிறகு அரை மணி நேரம் நாங்கள் பேசியது முழுக்கச் சோறு பிசைவதைப் பற்றி. நாங்கள் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் அது இல்லை. அன்றாட வேலைகளை அளக்கும் பார்த்தல் (Barthel) அட்டவணை 1965-ல் வந்தது, இன்றும் தினமும் நிரப்புகிறோம். அதன் புழக்கத்தில் இருக்கும் வடிவத்தில் சாப்பிடுவதற்கான மதிப்பெண்ணில் வெட்டுவதும் வெண்ணெய் தடவுவதும்தான் வருகின்றன. நம் நோயாளிக்கு வெண்ணெய் தடவ வேண்டிய அவசியமே வரப்போவதில்லை. பிசைவதற்கு விரல் நுனிகள் தனித்தனியாக அசைய வேண்டும், உள்ளங்கை லேசாகக் குழிய வேண்டும், சூடு தெரிய வேண்டும், கவளத்தைக் கட்டைவிரல் வாய்க்குள் தள்ள வேண்டும். அந்தக் கடைசித் தள்ளலை நீங்கள் இன்றைக்கு உங்கள் தட்டில் கவனித்துப் பாருங்கள், எவ்வளவு நுணுக்கமான வேலை என்று தெரியும். எதில் தொடங்குவது? ஒருவர் இட்லி என்றார். பிய்த்தால் போதும், பிசைய வேண்டாம். அடுத்து உப்புமா, உதிரும் ஆனால் ஒழுகாது. அதற்கடுத்து குழைய வடித்த தயிர்சாதம். குழம்பு சோறு கடைசி, ரசம் சோறு அதற்கும் கடைசி. இன்னொருவர் தட்டைப் பற்றிச் சொன்னார்: விளிம்பு உயர்ந்த தட்டு, அடியில் ஈரத் துணி. நாகர்கோவில்காரர், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறவரா, மேசையிலா என்று கேட்டார். தம்பி அதைப் பார்த்திருக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்து வந்தான்.

அந்தப் படிநிலையை எங்களில் ஒருவர் எழுதி வைத்தார். இன்றைக்கு எங்கள் குழுவில் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சேலைக் கொசுவம் மடிப்பதற்கு ஒன்று, பூக்கட்டுவதற்கு ஒன்று, வாளியில் தண்ணீர் மொண்டு ஒற்றைக் கையால் குளிப்பதற்கு ஒன்று என்று மெதுவாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. இதற்கெல்லாம் யாரும் சான்றிதழ் தரப்போவதில்லை. வெளிநாட்டு வெபினாரிலும் கிடைக்காது. இந்த ஊரில் வேலை பார்க்கும் ஓ.டி.க்களின் தலைக்குள் மட்டும் இருக்கிறது, பேசினால்தான் வெளியே வரும். 'நெட்வொர்க்கிங்' என்றால் விசிட்டிங் கார்டும் லிங்க்டினும் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். லிங்க்டின் வேலை தேட உதவும், வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் மாதம் ஒரு முறை கட்டுரை படிப்பதும் உண்டு. கட்டுரைக்குக் காசு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பப்மெட் சென்ட்ரலில் முழுதாக இலவசமாகக் கிடைப்பதே ஒரு ஆயுசுக்குப் போதும். நம் சங்கத்தின் இதழான இந்தியன் ஜர்னல் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபியும் இணையத்தில் இருக்கிறது. ஆனால் தனியாகப் படித்தால் சுருக்கத்தைப் படித்துவிட்டு மூடிவிடுவோம். நாலு பேராகப் படிக்கும்போதுதான் "சரி, இதை நாளைக்கு எப்படிச் செய்யறது?" என்ற கேள்வி வரும். கண்ணாடி சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் வலி தெரிகிறவர்களுக்காக 1990-களில் செய்து பார்த்த எளிய கண்ணாடிப் பெட்டி. பிறகு அது பக்கவாதத்துக்கு வந்தது. 2018-ல் வெளியான காக்ரேன் தொகுப்பு 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கை கால் அசைவிலும் அன்றாட வேலைகளிலும் பலன் இருக்கிறது என்றது. நம்மில் எல்லோருக்கும் இது பரீட்சைக்குத் தெரியும். ஆனால் அந்த ஆய்வுகளில் எவ்வளவு நேரம் செய்தார்கள்? சராசரியாக வாரம் 5 நாள், நாளுக்கு அரை மணி, 4 வாரம். நாம் செஷனில் ஐந்து நிமிஷம் காட்டிவிட்டு "மிரர் தெரபி குடுத்தாச்சு" என்று எழுதுகிறோம். அன்றைக்கு இதைப் படித்த பிறகு, திண்டுக்கல்காரர் கண்ணாடிக் கடையில் ஓரம் தேய்த்த கண்ணாடியைச் சொல்லி வாங்கி, வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். தினமும் அரை மணி ஆகிறதா என்று கடிகாரம் பார்க்கிற ஆள் நோயாளியின் பேரன்தான்.

துறைக்கு வெளியே இருக்கும் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிசியோதெரபிஸ்ட்டோடு நமக்கு எப்போதும் ஒரு எல்லைத் தகராறு உண்டு. கை யாருடையது, பாலன்ஸ் யாருடையது என்று. முதல் வருஷத்தில் அந்தச் சண்டையில் இறங்காதீர்கள். அவர் நோயாளியை நடக்க வைப்பதைப் போய்ப் பாருங்கள், நீங்கள் நோயாளியைக் கழிவறையில் உட்கார வைப்பதைப் பார்க்க அவரைக் கூப்பிடுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பாசிரியர், ஆஷா சுகாதாரப் பணியாளர், இவர்கள் எல்லாம் உங்கள் தொடர்பு வட்டம்தான். அதைவிட முக்கியமாக ஒரு தச்சர், ஒரு தையல்காரர், ஒரு செருப்புத் தைக்கிறவர், ஒரு வெல்டிங் பட்டறைக்காரர். இந்த நாலு பேருடைய நம்பர் உங்கள் ஃபோனில் இல்லாவிட்டால் நீங்கள் இன்னும் ஓ.டி.யாக வேலையைத் தொடங்கவில்லை என்பேன். கேட்டலாக்கில் ஆயிரக்கணக்கில் விலை போட்டிருக்கும் கார்னர் சீட்டை எங்கள் தச்சர் ஒட்டுப்பலகையில் செய்து கொடுத்தார். மூன்றாவது முறை செய்யும்போது, குழந்தை வளரும் என்று அவரே யோசித்து, கால் பலகையை ஏற்றி இறக்குகிற மாதிரி ஓட்டை போட்டு வைத்திருந்தார். நான் சொல்லவில்லை.

இப்படித் தச்சரைத் தேடிப் போவது புதுசு ஒன்றும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். கை திரும்பிவிட்டது, ஆனால் நிமிர்ந்த கைக்கு யாரும் பிச்சை போடவில்லை என்று சில நோயாளிகள் அவரிடமே திரும்பி வந்து முறையிட்டதாக அவர் வரலாற்றில் வருகிறது. அப்புறம்தான் அவர்கள் தங்கித் தச்சு வேலையும் கைவேலையும் பழகுவதற்கான இடம் உருவானது. அறுவை செய்தவருக்குத் தச்சுப் பட்டறை தேவைப்பட்டது. அதே வேலூரில் மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயல் இழந்த பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்தக் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிறுவனம் திறந்தது அவர் முயற்சியில்தான். வேலூர்ப் பக்கம் போனால் அந்த இடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வாருங்கள், முடிந்தால் அனுமதி கேட்டு ஒரு நாள் உட்கார்ந்து கவனியுங்கள். கோவையில் கை அறுவைப் பிரிவுகள் இருக்கின்றன, முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது, சென்னையில் மனநலத்துக்கு ஸ்கார்ஃப் இருக்கிறது. பார்வையாளராக ஒரு நாள் வரலாமா என்று மரியாதையாக, முறையாக எழுதிக் கேட்பதில் தவறே இல்லை. மறுத்தால் மறுக்கட்டும்.

சீனியர்களுக்கு எப்படி எழுதுவது என்பதும் பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. "ஹாய் மேம், கைட் மீ" என்று ஒரு வரி வரும். எதில் வழிகாட்ட? இப்படி எழுதுங்கள்: எனக்கு ஆறு வயதுக் குழந்தை ஒன்று வருகிறது, பேர் வேண்டாம், இதுதான் நிலை, இது இரண்டையும் செய்து பார்த்தேன், இது நடந்தது, என் சந்தேகம் இந்த இடத்தில். இப்படி வந்தால் எந்தச் சீனியரும் பதில் போடாமல் தூங்க மாட்டார். போட்ட பதிலைச் செய்து பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று இரண்டு வாரம் கழித்து மறக்காமல் சொல்லுங்கள். அதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. அப்படிச் சொன்ன பிள்ளைகளைத்தான் அடுத்த முறை நானே கூப்பிடுகிறேன்.

வாட்ஸ்ஆப் குழுக்களைப் பற்றி ஒரு கறாரான வார்த்தை. சந்தேகம் கேட்கிறேன் என்று குழந்தையின் முழு வீடியோவை, முகத்தோடு, சில நேரம் பேரோடு, நானூறு பேர் இருக்கும் குழுவில் போடுகிறார்கள். அந்தத் தாய்க்குத் தெரியாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-லேயே சட்டம் வந்துவிட்டது, அதில் குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரின் ஒப்புதல் தனியாகவே வலியுறுத்தப்படுகிறது. சட்டத்தை விடுங்கள், அந்தக் குழந்தை உங்கள் அக்கா மகனாக இருந்தால் போடுவீர்களா? எங்கள் குழுவில் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் படமோ வீடியோவோ காட்டக் கூடாது. காட்டினாலும் திரையில் காட்டிவிட்டு மூடிவிட வேண்டும், அனுப்பக் கூடாது. முக்கால்வாசி நேரம் வீடியோவே தேவைப்படுவதில்லை. பார்த்ததை வார்த்தையில் சொல்லப் பழகினால் பார்வையே கூர்மையாகிறது.

சீனியர்கள் எங்கே, பாதிப் பேர் இங்கிலாந்தில் இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். உண்மைதான். அவர்களையும் விடாதீர்கள், அங்கே இருந்துகொண்டு ஊர்க் கேஸ் பேச ஏங்குகிறவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே பதிவு பெற்ற தெரபிஸ்ட் எல்லோரும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது 2.5 விழுக்காடு பேரைக் குலுக்கல் மாதிரி எடுத்து, என்ன கற்றாய் என்று கணக்குக் கேட்பார்கள். இத்தனை மணி நேரம், இத்தனை புள்ளி என்ற கணக்கு அதில் கிடையாது. நீ கற்றதால் உன் வேலை எப்படி மாறியது, உன்னிடம் வருகிறவருக்கு என்ன பயன் என்று எழுத வேண்டும். அமெரிக்காவில் வேறு வழி, அங்கே சான்றைப் புதுப்பிக்க மூன்று வருஷத்துக்கு 36 அலகு சேர்க்க வேண்டும். எண்ணுவது எளிது என்பதால் நம் ஊரில் நிர்வாகிகளுக்குப் புள்ளி முறைதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். எனக்குப் பிடித்தது இங்கிலாந்து முறை.

நம் நாட்டில் நீண்ட காலம் நமக்கென்று தேசிய அளவில் சட்டபூர்வ கவுன்சில் கிடையாது. மகாராஷ்டிரம், டெல்லி போன்ற சில இடங்களில் மாநில அளவில் இருந்தது, அவ்வளவுதான். 2021-ல் துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்து, ஆக்குபேஷனல் தெரபிக்கு அதில் தனி வகை கிடைத்தது. அதற்கு முன்பு எழுபது வருஷம் இந்தத் தொழிலைத் தூக்கிப் பிடித்தது சங்கம்தான். அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கே வாழ்ந்த கமலா நிம்ப்கர், 1950-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பள்ளி தொடங்கினார். 1952-ல் அகில இந்தியச் சங்கம் உருவானது. அதே வருஷம் உலகக் கூட்டமைப்பு தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அப்போது நாட்டில் இருந்த ஓ.டி.க்களை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்திருக்கலாம். அந்தச் சிலர் உலக அமைப்பில் போய் உட்கார்ந்தார்கள், நாம் ஆண்டுச் சந்தா கட்ட யோசிக்கிறோம்.

சங்கத்தில் அரசியல் இல்லையா, இருக்கிறது. எந்தச் சங்கத்தில் இல்லை? உறுப்பினராகுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் ஓடிகான் தேசிய மாநாட்டுக்கு, கட்டணம் முடிந்த வருஷம் போங்கள். கோர்ஸுக்குக் கட்டும் காசை இதற்குக் கட்டினால் நான் ஆட்சேபிக்க மாட்டேன். ஆனால் பார்வையாளராகப் போய், சாப்பாட்டு வரிசையில் பழைய தோழிகளோடு மட்டும் நின்றுவிட்டு, மேடையோடு செல்ஃபி எடுத்து வந்தால் பிரயோசனம் இல்லை. ஒரு போஸ்டர் போடுங்கள். ஒரே ஒரு நோயாளியைப் பற்றி, அவர் ஒப்புதலோடு, முன்பு இப்படி, பின்பு இப்படி என்று. முன் பின் அளக்கக் கனடியன் ஆக்குபேஷனல் பெர்ஃபார்மன்ஸ் மெஷர் இருக்கிறது: செய்வதிலும் திருப்தியிலும் 1 முதல் 10 வரை நோயாளியே மதிப்பெண் போடுகிறார், 2 புள்ளி ஏறினால் அது பேசத்தக்க மாற்றம். போஸ்டர் பக்கத்தில் நீங்கள் நிற்கும்போது வந்து கேள்வி கேட்கும் மூன்று பேர்தான் உங்கள் மாநாடு. நான் சொன்ன சோறு பிசையும் தம்பி அப்படிப் போட்டான். அஸ்ஸாமிலிருந்து வந்த ஒருவர் அங்கேயும் இதே பிரச்சினைதான் என்று அவனிடம் அரை மணி பேசினார். இப்போது இருவரும் அரிசி வகையைப் பொறுத்துப் படிநிலை மாறுமா என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக நோட்டு. ஆடம்பரமாக வேண்டாம், பள்ளிக்கூட நோட்டு போதும். வாரம் ஒரு பக்கம்: எது எதிர்பார்த்தபடி நடக்கவில்லை, யாரிடம் கேட்டேன், என்ன மாற்றினேன். எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி, வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், கை நோயாளிகளைப் பார்க்கிறாள். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் நோட்டைப் புரட்டியபோது, பாதியில் நின்றுபோன நோயாளிகள் எல்லோரும் மூன்றாவது வருகைக்கு முன்பே நின்றிருப்பது தெரிந்தது. சிகிச்சை பிடிக்கவில்லையோ என்று பயந்துபோய் எங்களிடம் கொண்டுவந்தாள். "எங்கேருந்து வர்றாங்க?" என்று கேட்டோம். எல்லாம் இரண்டு பஸ் மாறி வருகிற ஊர்கள், கூலி வேலைக்காரர்கள், ஒரு வருகைக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அவள் இப்போது முதல் நாளே வீட்டுப் பயிற்சியைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் படம் போட்டுக் கொடுத்துவிடுகிறாள். இடையில் ஒரு வாரம் ஃபோனில் பார்க்கிறாள். ஸ்பிளின்ட்டைச் சரிபார்க்க வேண்டிய நாளை மட்டும், டாக்டரைப் பார்க்க வரும் நாளோடு சேர்த்துவிட்டாள். இப்போது வருகை எப்படி இருக்கிறது என்று வரும் சனிக்கிழமை சொல்கிறாளாம்.